உரிக்கப்பட்ட வண்ணமும் எஞ்சிய தாள்களும்

சிற்பியின் சொல் அவர் செய்த சிற்பம்தான், அதற்கு அப்பால் அவர் எழுதி வைத்த தாள்களில் தேட என்ன இருக்கிறது என்றோர் எண்ணம் கலை ஆர்வலர்களிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. கவிஞனின் கையெழுத்துப் பிரதியைப் போற்றுவதில் பொருள் உண்டு, அவன் தொழிற்களமே தாள்தான். இரும்பிலும் கல்லிலும் உழைத்தவரின் கடிதங்களும் ரசீதுகளும் வாழ்க்கை வரலாறு எழுதுவோருக்கு மட்டுமே பயன்படும் என்பது அவ்வெண்ணத்தின் சாரம். இதை நாம் ஏற்பதற்கில்லை. ஒரு சிற்பத்தை அதன் ஆக்கியோன் மறைந்த பிறகு யாரேனும் மாற்றிவிட்டால், 'நான் இப்படி இருக்கவில்லை' என்று சொல்ல அச்சிற்பத்துக்கு வாயில்லை. அதன் பொருட்டுச் சாட்சி சொல்ல வல்லவை அந்தத் தாள்களே. அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித்துக்கு நேர்ந்ததை அறிந்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

ஸ்மித் 1906-இல் இண்டியானா மாநிலத்தின் டெகேட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1925-ஆம் ஆண்டுக் கோடையில் ஸ்டூடபேக்கர் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது உலோகத்தோடு அவருக்குப் பழக்கம் உண்டாயிற்று. ஓவியம் கற்க நியூயார்க் வந்தவர், 1930-களில் புரூக்ளின் துறைமுகக் கரையிலிருந்த 'டெர்மினல் அயர்ன் ஒர்க்ஸ்' என்னும் இரும்புப் பட்டறையில் இடம்பிடித்து வெல்டிங் முறையில் சிற்பங்கள் செய்யத் தொடங்கினார். 1940-இல் மாநிலத்தின் வடபகுதியில், ஜார்ஜ் ஏரியை அடுத்த போல்டன் லேண்டிங்கில் தாம் முன்பே வாங்கியிருந்த பண்ணைக்கு நிரந்தரமாகக் குடிபெயர்ந்தபோதும், தம் புதிய பட்டறைக்குப் பழைய பட்டறையின் பெயரையே இட்டார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஸ்கெனெக்டடியில் ரயில் என்ஜின்களும் பீரங்கி வண்டிகளும் செய்த ஆலையில் வெல்டிங் தொழிலாளியாகக் கூலிக்கு உழைத்தார். கலைஞன் என்ற அடையாளத்துக்கு நிகராகத் தொழிலாளி என்ற அடையாளத்தையும் அவர் பெருமையாகவே கருதினார்.

இத்தகைய ஒருவர் தாள்களைப் பேணமாட்டார் என்று நாம் எதிர்பார்க்கக்கூடும். உண்மை நேர்மாறானது. குறிப்பேடுகள், சொற்பொழிவு வரைவுகள், நல்கை கோரி எழுதிய விண்ணப்பங்கள், தம் சிற்பங்களைக் காட்சிக்கு வைத்த மரியன் வில்லார்டுடனான கடிதப் போக்குவரத்து எனப் பெருந்தொகுதி ஒன்றை அவர் விட்டுச் சென்றிருக்கிறார். இவற்றில் சொந்த வாழ்வு இது, தொழில் வாழ்வு அது என்று கோடு கிழிப்பது எளிதன்று. எஃகு வாங்கப் பணமில்லை என்ற முறையீடும், அடுத்துச் செய்யவிருக்கும் சிற்பத்தின் வடிவம் பற்றிய சிந்தனையும் ஒரே மனிதரின் ஒரே கவலையாக அங்கே இருக்கின்றன. செய்து முடித்தவை மட்டுமல்ல, செய்யாமற்போனவையும் அத்தாள்களிலேதான் வாழ்கின்றன. 1962-இல் இத்தாலியின் ஸ்போலெட்டோ கலை விழாவுக்காக ஜெனோவா அருகே வோல்ட்ரியில் மூடிக்கிடந்த தொழிற்கூடத்தில் தங்கி, 30 நாட்களில் 27 சிற்பங்களை அவர் செய்தார். விழாக் குழுவினர் அவரிடம் எதிர்பார்த்தது ஒன்றிரண்டே. அந்த நாட்களைப் பற்றி ஆங்கிலேய விமர்சகர் டேவிட் சில்வெஸ்டருக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தில், ரயிலின் தட்டைச் சரக்குப்பெட்டி ஒன்றையே பீடமாக்கி ஒரு சிற்பம் செய்யவேண்டும் என்ற ஆசை பதிவாகியிருக்கிறது. அந்தச் சிற்பம் உருவாகவே இல்லை. கடிதம் இல்லையேல் அப்படியோர் ஆசை இருந்ததென்பதும் இராது.

நாம் பேச வந்தது வண்ணத்தைப் பற்றி. ஓவியராகத் தொடங்கிய ஸ்மித், தம் எஃகுச் சிற்பங்கள் பலவற்றுக்கு வண்ணம் பூசினார். முதலில் துரு ஏறாதிருக்க அடிப்பூச்சு, அதன்மேல் வண்ணம் என்று அடுக்கடுக்காகப் பூசுவது அவர் வழக்கம். இது அலங்காரம் அன்று, சிற்பத்தின் உறுப்பு. ஆனால் அந்நாளைய ரசனை இதை ஒப்பவில்லை. உலோகம் உலோகமாகத் தெரிவதே நேர்மை, வண்ணம் அதை மறைக்கும் போர்வை என்று கருதியோர் பலர். 1950-இல் அவர் செய்த '17 ஹெச்கள்' என்ற சிற்பம் சிவப்பு வண்ணம் பூசப்பட்டது. கைமாறி விற்கப்பட்டு வந்த வழியில் அதன் ஆறு பூச்சுகளும் சுரண்டி நீக்கப்பட்டன. செய்தி அறிந்த ஸ்மித் 1960-இல் கலை இதழ்களுக்குக் கடிதம் எழுதினார். இது வேண்டுமென்றே செய்த நாசவேலை, இனி இது என் படைப்பன்று, இதற்கு என் பெயரைச் சூட்டக்கூடாது, சூட்டினால் சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன் என்பது அக்கடிதத்தின் உள்ளடக்கம். பெற்ற பிள்ளையைக் கைகழுவுவதற்கு நிகரான செயல் அது. அளவில் சில வரிகளே ஆன அக்கடிதம், பின்னர் நிகழ்ந்ததன் வெளிச்சத்தில் ஓர் உயில் போலவே ஒலிக்கிறது.

1965 மே 23 அன்று வெர்மான்ட் மாநிலத்தின் பெனிங்டன் அருகே வாகன விபத்தில் ஸ்மித் மாண்டார். பண்ணை வீட்டைச் சூழ்ந்த புல்வெளிகளில் எண்பதுக்கும் மேற்பட்ட சிற்பங்கள் நின்றிருந்தன. அவருடைய இரு மகள்களும் அப்போது சிறுமியர். உயில் நிறைவேற்றுநர்களாக விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க், ஓவியர் ராபர்ட் மதர்வெல், வழக்கறிஞர் ஐரா லோ ஆகிய மூவரும் பொறுப்பேற்றனர். கலை தொடர்பான முடிவுகளில் கிரீன்பெர்க்கின் சொல்லே ஓங்கியிருந்தது. 1940-களிலேயே ஸ்மித்தின் மேதைமையைக் கண்டு எழுதியவர் அவர். அந்த அன்பில் நாம் ஐயம் கொள்ளவில்லை. ஆயினும் ஸ்மித்தின் வண்ணங்கள் அவருக்கு உவப்பானவையாக இருந்ததில்லை. அவர் பொறுப்பிலிருந்த ஆண்டுகளில், வெள்ளைப் பூச்சோடு நின்ற சில சிற்பங்களின் வண்ணம் நீக்கப்பட்டது. வெண்மை போய்ப் பழுப்பு நின்றது. வேறு சில வெயிலிலும் பனியிலும் விடப்பட்டு வண்ணம் உதிர்ந்தன.

இதை வெளிக்கொணர்ந்தவர் ரோசலிண்ட் கிராஸ். ஸ்மித்தைப் பற்றி ஹார்வர்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர்; ஒரு காலத்தில் கிரீன்பெர்க்கின் சிந்தனை வழியில் நடந்தவரும்கூட. 1974-இல் 'ஆர்ட் இன் அமெரிக்கா' இதழில் அவர் எழுதிய கட்டுரை, டான் பட்னிக் எடுத்த புகைப்படங்களின் துணையோடு, சிற்பங்களின் முந்தைய நிலையையும் பிந்தைய நிலையையும் அருகருகே நிறுத்திக் காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அமெரிக்கக் கலை ஆவணக்காப்பகத்தைச் சேர்ந்த கார்னெட் மக்காய், ஸ்மித்தின் கடிதங்களையும் குறிப்புகளையும் திரட்டி நூலாக வெளியிட்டிருந்தார். படமும் எழுத்தும் இவ்வாறு பொதுவெளிக்கு வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? பழுப்பு நிற எஃகே ஸ்மித்தின் விருப்பம் என்று பாடநூல்கள் எழுதியிருக்கும்; மாணவர்களும் அவ்வாறே படித்திருப்பார்கள்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் நாம் எடைபோட வேண்டும். அந்த வெள்ளை வெறும் அடிப்பூச்சே, இறுதி வண்ணம் அன்று, சிற்பங்கள் முற்றுப்பெறாதவை என்பது கிரீன்பெர்க் தரப்பின் வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஸ்மித் வெள்ளையின்மேல் வேறு வண்ணம் பூச எண்ணியிருக்கக்கூடும். ஆனால் வாதம் இங்கேயே தன் காலைத் தானே வெட்டிக்கொள்கிறது. அடுத்து வண்ணம் பூசக் காத்திருந்த சிற்பம் என்றால், அதன் முற்றுப்பெற்ற நிலை வண்ணமுடையதாகத்தானே இருந்திருக்கும்? வண்ணமின்மையை நோக்கி அதைத் திருப்பியது எந்த முறையில் சேரும்? முற்றுப்பெறாத ஒன்றை முற்றுப்பெறாததாகவே விட்டுவைப்பதுதான் பாதுகாவலரின் கடமை.

சுவடி பதிப்பித்தோர் மரபில் வந்த நமக்கு இது புதிய நெறியன்று. ஏட்டில் ஓர் எழுத்துச் சிதைந்திருந்தால் சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவதே நல்ல பதிப்பாசிரியரின் அறம். தமக்குப் பிடித்த சொல்லை அங்கே பெய்வது இடைச்செருகல். பாடபேதம் இருப்பின் அடிக்குறிப்பில் தருவார். தமக்கு ஒவ்வாத பாடத்தை ஏட்டிலிருந்தே சுரண்டி எடுக்கமாட்டார். உலோகத்தில் நிகழ்ந்தது அந்தச் சுரண்டல். மீண்டும் வெள்ளை பூசினாலும் அது வேறொருவர் கையின் வெள்ளை. மூலபாடம் மீளாது, அது இருந்ததற்கான சான்று மட்டுமே மிஞ்சும்.

அச்சான்று யார் கையில் இருக்கவேண்டும் என்பதே நம் கேள்வி. படைப்புகளின் மீது அதிகாரம் உடையவர் கையிலேயே தாள்களும் முழுமையாகச் சிக்கியிருந்தால், குற்றம் செய்தவரிடமே சாட்சியைப் பாதுகாக்கக் கொடுத்தது போலாகும். அவர் கெட்டவராக இருக்கவேண்டும் என்பதில்லை. தம் ரசனையில் உறுதியான நல்லவராக இருந்தாலே போதும். தமக்கு எதிரான தாளை அவர் முக்கியமற்றது என்று ஒதுக்கிவிடுவார்.

அமெரிக்கக் கலை ஆவணக்காப்பகம் இவ்வகையில் நம் கவனத்துக்கு உரியது. 1954-இல் டிட்ராய்ட் நகரில் அருங்காட்சியக இயக்குநர் ஒருவரும் கலைப்பொருள் சேகரிப்பாளர் ஒருவரும் சேர்ந்து தொடங்கிய இவ்வமைப்பு, 1970-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அங்கமாயிற்று. ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த கலைஞர்களின் தாள்களை மைக்ரோஃபிலிம் சுருள்களில் படியெடுப்பது அதன் தொடக்ககாலப் பணிகளுள் தலையாயது. மூலத்தைக் கொடுக்க மனமில்லாதவரும் படியெடுக்க இசைவார்கள் என்ற எளிய உலகியல் அறிவு அதன் பின்னே இருந்தது. டேவிட் ஸ்மித்தின் தாள்களும் அவ்வாறு படியெடுக்கப்பட்டன. மூலம் வாரிசுகளின் அமைப்பிடம் இருக்க, படி பொது நிறுவனத்தில் இருக்கிறது. 2005 முதல் இக்காப்பகம் முழுத் தொகுதிகளையே மின்வடிவாக்கி இணையத்தில் வைத்து வருகிறது. நியூயார்க்குக்கோ வாஷிங்டனுக்கோ போக வழியில்லாத ஆய்வாளரும் பல கலைஞர்களின் கடிதங்களை வீட்டிலிருந்தே வாசிக்கலாம்.

சட்டம் இருக்கிறதே, தாள்கள் எதற்கு என்று கேட்போர் உண்டு. அமெரிக்காவில் காட்சிக்கலைஞர் உரிமைச் சட்டம் 1990-இல் வந்தது. தம் படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையை அது கலைஞருக்கு அளிக்கிறது. ஆனால் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபின் ஆக்கப்பட்ட படைப்புகளைப் பொறுத்தவரை, அவ்வுரிமை கலைஞரின் ஆயுளோடு முடிந்துவிடுகிறது. ஸ்மித்துக்கு நேர்ந்ததோ சாவுக்குப் பிறகு. சட்டம் கைவிடும் இடத்திலிருந்துதான் ஆவணத்தின் பணி தொடங்குகிறது. தண்டிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. மறக்கவிடாதிருக்கும் ஆற்றல் உண்டு.

அந்தரங்கம் என்றொரு தடை எஞ்சுகிறது. கடன், மணமுறிவு, கோபம், தளர்ச்சி எல்லாம் கலந்தவை ஒரு மனிதரின் தாள்கள். அவற்றை அந்நியர் புரட்டுவது முறையா? உயிரோடிருப்போரைப் புண்படுத்துபவற்றைச் சில காலம் மூடிவைப்பதை நாம் எதிர்க்கவில்லை. மூடிவைப்பது வேறு, களைந்தெறிவது வேறு. எது அந்தரங்கம், எது தொழில் என்று ஒரு தலைமுறை பிரித்துக் களையும்போது, அடுத்த தலைமுறையின் கேள்விக்கான விடையும் குப்பையோடு போய்விடுகிறது. பெயிண்ட் வாங்கிய ரசீது ஒன்றை ஒருவர் அற்பமாக எண்ணி எறியலாம். எந்த ஆண்டில் எந்த வண்ணம் என்று தேடுபவருக்கு அதுவே கல்வெட்டு.

வாரிசுகள் எல்லோரும் பகைவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஸ்மித்தின் வாரிசுகளது அமைப்பின் காலத்தில்தான் அவருடைய எழுத்துகள், சொற்பொழிவுகள், நேர்காணல்கள் அடங்கிய பெருந்தொகுப்பு 2018-இல் வந்தது. சிற்பங்களின் முழு விவரப் பட்டியல் 2021-இல் மூன்று தொகுதிகளாக வந்தது. தாள்களைப் பேணினால் என்ன விளையும் என்பதற்கு இவை நல்ல சான்று. ஆனால் நல்லவர் கிடைப்பார் என்ற நம்பிக்கையின்மேல் ஒரு கலைஞரின் நாளையை நிறுத்துவது சரியான ஏற்பாடு ஆகாது. படைப்பும் தாளும் ஒரே கையில் இருக்கலாம். படி ஒன்று மட்டும் அந்தக் கைக்கு எட்டாத இடத்தில், கேட்பவர் எவருக்கும் காட்டும் கடப்பாட்டோடு இருந்தாக வேண்டும். கலைஞர் உயிரோடு இருக்கும்போதே இது செய்யப்படவேண்டும் என்பது நம் உறுதியான கருத்து.

ஸ்மித் தம் சிற்பங்களில் பெயரையும் தேதியையும் உலோகத்திலேயே பற்றவைத்துப் பதிப்பது வழக்கம். வண்ணத்தைச் சுரண்டியவர்களும் அந்தப் பெயரைச் சுரண்டவில்லை. பெயருக்கு விலை இருந்தது. வண்ணத்துக்கும் அதே மதிப்பு உண்டென்று நமக்குச் சொன்னது 1960-இல் அவர் எழுதிய அந்தச் சிறு கடிதம்.