ஒரு கடைக்கு ஒரே மாதத்தில் இரண்டு வாடகையா?



சரக்குக் கொள்முதலிலோ பாக்கி வசூலிலோ வரும் தகராறுகளை நாம் பெரும்பாலும் பேசித் தீர்த்துக்கொள்கிறோம். கடையைக் காலி செய்யும்போது வரும் தகராறு மட்டும் எளிதில் தீருவதில்லை. பத்து, பதினைந்து வருடம் முகம் பார்த்துப் பழகிய கட்டட உரிமையாளரும் கடைக்காரரும் கடைசி ஒரு மாத வாடகைக்காகப் பேச்சை முறித்துக்கொள்கிறார்கள். "நோட்டீஸ் கொடுக்காமல் காலி செய்தீர்கள், அட்வான்ஸில் பிடித்துக்கொண்டேன்" என்கிறார் ஒருவர். "நான் போன பத்தாம் நாளே வேறு ஆள் கடை திறந்துவிட்டாரே, என் பணத்தைக் கொடுங்கள்" என்கிறார் மற்றவர்.

நம் சங்கத்தில் இரு தரப்பினரும் இருக்கிறார்கள். வாடகைக் கடையில் மளிகை வைத்திருப்பவர்களே அதிகம் என்றாலும், உழைத்துச் சம்பாதித்து நாலு கடை கட்டி வாடகைக்கு விட்டவர்களும் நம்மவர்களே. ஆகவே ஒரு பக்கம் சாயாமல் எழுத வேண்டியிருக்கிறது.

நமது கருத்து இதுதான்: முன்னறிவிப்பு இல்லாமல் காலி செய்பவர் அதனால் உரிமையாளருக்கு வந்த நஷ்டத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அதற்கு மேல் ஒரு ரூபாயும் உரிமையாளர் பிடிக்கக் கூடாது. புது ஆளின் வாடகை ஓடத் தொடங்கிய நாளிலிருந்து பழைய ஆளிடம் பிடித்த வாடகையைத் திருப்பித் தருவதே நியாயம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு கடைக்கு மாத வாடகை 9,000 ரூபாய். அட்வான்ஸ் பத்து மாத வாடகை, அதாவது 90,000 ரூபாய். காலி செய்ய ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம். கடைக்காரர் மார்ச் 31 அன்று அந்த மாத வாடகையையும் கொடுத்து, சாவியையும் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். உரிமையாளர் ஏப்ரல் மாத வாடகை 9,000 ரூபாயை அட்வான்ஸில் பிடித்துக்கொள்கிறார். அந்த நிமிடத்தில் அது தவறில்லை. கடை எப்போது போகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஏப்ரல் 11 முதல் புது ஆள் வந்து அதே 9,000 ரூபாய்க்குக் கடை எடுக்கிறார் என்று வையுங்கள். கடை பூட்டிக் கிடந்தது பத்து நாள். நாளுக்கு 300 வீதம் நஷ்டம் 3,000 ரூபாய். மீதி 6,000 ரூபாய் பழைய கடைக்காரருடையது. புது ஆள் 8,400 ரூபாய்க்குத்தான் ஒப்புக்கொண்டார் என்றால், மீதி இருபது நாளுக்கும் நாளுக்கு 20 ரூபாய் குறைவு. அந்த 400 ரூபாயையும் சேர்த்து 3,400 ரூபாய் பிடிக்கலாம். மாதம் முழுவதும் கடை போகவில்லை என்றால் 9,000 ரூபாயும் உரிமையாளருக்கே. இந்தக் கணக்கில் இருவருக்கும் அநியாயம் இல்லை.

உரிமையாளர் அந்த 6,000 ரூபாயையும் வைத்துக்கொண்டால், அந்த இருபது நாளைக்குப் பழையவரிடமும் புதியவரிடமும் வாடகை வாங்கியவர் ஆகிறார். ஒரே மூட்டையை இரண்டு பேருக்கு விற்றுப் பணம் பெறுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நம் வியாபாரத்திலேயே இந்த வழக்கம் உண்டு

ஒரு லோடு வெங்காயத்துக்கு விலை பேசிவிட்டு, லாரி வந்து நின்ற பிறகு வாங்குபவர் வேண்டாம் என்கிறார். மொத்த வியாபாரி என்ன செய்வார்? லாரியிலேயே அழுக விட்டு முழு விலைக்கும் பில் போடுவாரா? அன்றைக்கே கிடைத்த விலைக்கு வேறு ஆளிடம் தள்ளிவிட்டு, குறைந்த தொகையையும் ஏற்று இறக்குக் கூலியையும் முதல் ஆளிடம் கேட்பார். கேட்பதும் நியாயம், கொடுப்பதும் நியாயம்.

கடையும் அப்படித்தான். காலியான கடைக்கு ஆள் தேடுவது உரிமையாளரின் பொறுப்பு. கேட்டு வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, "கடை மாதக்கணக்கில் சும்மா கிடந்தது" என்று பழைய ஆள் தலையில் கட்டுவது வெங்காயத்தை வேண்டுமென்றே அழுக விட்ட கதையாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு இதையே சொல்கிறது. ஒப்பந்தத்தை மீறியவர் அதனால் வந்த நஷ்டத்தை ஈடு செய்ய வேண்டும். அந்த நஷ்டத்தைக் கணக்கிடும்போது, அதைக் குறைக்க என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். "நோட்டீஸ் இல்லாமல் போனால் அட்வான்ஸ் முழுவதும் கிடையாது" என்று பத்திரத்தில் எழுதி வாங்கியிருந்தாலோ? 74-ஆவது பிரிவின்படி, எழுதிய தொகை ஓர் உச்சவரம்புதான். அதற்கு உட்பட்டு நியாயமான ஈடு எதுவோ அதுவே கிடைக்கும்.

இந்தப் பிரிவு குறித்து உச்ச நீதிமன்றம் 2015-இல் கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கில் தீர்ப்புக் கூறியது. டெல்லி வளர்ச்சி ஆணையம் 1982-இல் ஒரு மனையை 3.12 கோடி ரூபாய்க்கு ஏலம் விட்டு, 78 லட்சம் ரூபாய் முன்பணம் வாங்கியது. பிறகு ஏலத்தை ரத்து செய்து முன்பணத்தைப் பறிமுதல் செய்தது. அதே மனையை 1994-இல் 11.78 கோடி ரூபாய்க்கு விற்றது. நஷ்டமே இல்லாதபோது முன்பணத்தைப் பிடிக்க முடியாது என்று கூறி, உச்ச நீதிமன்றம் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. அது மனை ஏலம், நம்முடையது கடை வாடகை. என்றாலும் நஷ்டம் உண்டா, எவ்வளவு என்று கேட்கும் முறை ஒன்றே.

நோட்டீஸ் காலம் பற்றி ஒப்பந்தத்தில் எதுவும் இல்லாவிட்டால், 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆவது பிரிவுப்படி மாத வாடகைக் கடைக்குப் பதினைந்து நாள் நோட்டீஸ். இது இரு தரப்புக்கும் பொருந்தும். எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தும் இருக்க வேண்டும்.

அட்வான்ஸ் தொகைக்கு வருவோம். 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்றது. கடைவீதி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது அதன் விதி. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் அது சொல்கிறது.

எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது?

வாடகை பாக்கி, காலி செய்த நாள் வரையிலான மின்கட்டணம், ஷட்டரையோ தரையையோ உடைத்திருந்தால் அதன் செலவு ஆகியவற்றைத் தாராளமாகப் பிடிக்கலாம். புது ஆளைப் பிடித்துத் தந்த தரகரின் கமிஷனையும் வெள்ளையடித்த கூலியையும் சிலர் சேர்த்துக்கொள்கிறார்கள். இது சரியில்லை. கடைக்காரர் முறைப்படி நோட்டீஸ் கொடுத்துப் போயிருந்தாலும் இந்தச் செலவுகள் வந்திருக்கும். நோட்டீஸ் கொடுக்காததால் வந்த நஷ்டம் எதுவோ அதை மட்டும் கேட்பதே முறை. நாள்பட்ட புழக்கத்தில் சுவர் அழுக்காவதும் தரை தேய்வதும் வாடகையிலேயே அடங்கியவை.

கடைக்காரர்கள் செய்யும் தவறுகள்

குற்றம் எல்லாம் உரிமையாளர் பக்கம் என்று யாரும் எண்ண வேண்டாம். கடைசி மூன்று, நான்கு மாதம் வாடகையே கொடுக்காமல், "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வாடகை வருமானத்திலேயே குடும்பம் நடத்தும் விதவைத் தாய்மாரும் வயதான முன்னாள் வியாபாரிகளும் உண்டு. அவர்களுக்கு அந்த மூன்று மாதம் அடுப்பு எரிவது எப்படி?

சரக்கை இரவோடு இரவாக ஏற்றிவிட்டு, பூட்டைப் போட்டுச் சாவியோடு போய்விடுபவரும் உண்டு. சாவி உரிமையாளர் கைக்கு வராத வரை அவர் வேறு ஆளைக் கடையில் வைக்க முடியாது. அந்த நாட்களின் நஷ்டம் போனவரையே சேரும். அதுபோல, பழைய விலாசத்தில் உள்ள ஜி.எஸ்.டி. பதிவையும் உணவுப் பாதுகாப்பு உரிமத்தையும் மாற்றாமல் விட்டுவிட்டால், அடுத்து வருபவர் அதே விலாசத்தில் பதிவு கேட்கும்போது வீண் சிக்கல் வரலாம்.

"போனில் சொன்னேன்" என்பதும் எடுபடாது. இரண்டு வரி எழுதி உரிமையாளரிடம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நோட்டீஸ் கொடுக்கவே முடியாத நிலையும் வரும். கடைக்காரர் திடீரென்று காலமாகிவிட்டால், வீட்டில் இருப்பவர்களுக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுகூடத் தெரியாது. அந்த அட்வான்ஸ்தான் அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சிய ரொக்கமாக இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் சட்டப்படி என்ன பிடிக்கலாம் என்று பார்ப்பதைவிட மனசாட்சிப்படி எவ்வளவு விடலாம் என்று பார்ப்பதே நம் சமூகத்துக்குப் பெருமை.

சங்கம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, மாதிரி வாடகை ஒப்பந்தம் ஒன்றை நம் சங்கம் அச்சிட்டு உறுப்பினர்களுக்கு வழங்க வேண்டும். நோட்டீஸ் காலத்துக்குள் புது ஆள் வந்துவிட்டால், அந்த நாள் முதல் உள்ள வாடகையைப் பழையவருக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற வரி அதில் இடம்பெற வேண்டும்.

இரண்டாவதாக, காலி செய்யும் அன்று இருவரும் கையெழுத்திடும் ஒப்படைப்புச் சீட்டு ஒன்று வேண்டும். சாவி கொடுத்த தேதி, மின் மீட்டரில் உள்ள அளவு, கடையின் நிலை, அட்வான்ஸ் தொகை, பிடித்தம், மீதி எல்லாம் அதில் இருக்கட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின் கணக்கு எடுப்பதால், அன்றைய மீட்டர் அளவைக் குறிக்காவிட்டால் யார் எரித்தது எவ்வளவு என்ற சண்டை நிச்சயம்.

மூன்றாவதாக, இரு தரப்பிலும் அனுபவமுள்ள மூன்று பேர் கொண்ட சமரசக் குழு ஒன்றை அமைக்க வேண்டும். ஆறாயிரம் ரூபாய்க்கு வக்கீல் வைத்து வாய்தா வாங்கி அலைந்தால் செலவு அதைத் தாண்டிவிடும்.

அட்வான்ஸ் என்பது கடைக்காரர் வட்டியில்லாமல் வருடக்கணக்கில் விட்டுவைத்த முதல். அடுத்த தெருவில் கடை போட அவருக்கு அந்தப் பணம்தான் கைகொடுக்க வேண்டும். கடைக்காரர்கள் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள். உரிமையாளர்கள் நஷ்டம் போக மீதியைக் கணக்கோடு கொடுத்தனுப்புங்கள். அதே கடைவீதியில் நாளையும் ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் ஆக வேண்டும்.