கறுப்பு நீரின் கடைசிக் கணக்கு

சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து ஒரு லிட்டர் ஆல்கஹால் வடித்தால், கூடவே சுமார் பத்து லிட்டர் கழிவுநீர் வருகிறது. டிகாஷன் நிறம், கருகிய வெல்லத்தின் வாடை. உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரத்தின் கரும்பு மாவட்டங்களில் கிணற்று நீர் பழுப்பானால் விவசாயி முதலில் சந்தேகப்படுவது வடிசாலையைத்தான்.

இந்தக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் பிராணவாயு (பி.ஓ.டி.) லிட்டருக்கு 40,000 மில்லிகிராமுக்கு மேல். ஆற்றில் விட அனுமதிக்கப்படும் நீரிலோ வெறும் 30. காற்றுப் புகாத தொட்டியில் பாக்டீரியாக்கள் இதில் 80 சதவீதத்துக்கு மேல் தீர்த்துவிடுகின்றன. கிடைக்கும் மீத்தேன், ஆலையின் பாய்லருக்கு எரிபொருள். காசு மிச்சமாகும் வேலை என்பதால் ஆலைகள் தயங்குவதில்லை.

ஆனால் நிறம் போவதில்லை. காரணம், சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து உருவாகும் மெலனாய்டின். பாக்டீரியாவுக்கு இது எளிதில் செரிக்காது. ஆற்றில் கலந்தால் வெளிச்சம் உள்ளே இறங்காது, நீர்த்தாவரங்கள் வாடும்.

இங்கேதான் ரசாயனம் தேவைப்படுகிறது. ஓசோன் வாயு, அல்லது இரும்பு உப்புடன் ஹைட்ரஜன் பெராக்சைடு, மெலனாய்டினின் பெரிய மூலக்கூறுகளை உடைக்கிறது. துண்டுகளில் ஒரு பகுதியை, காற்றோட்டமுள்ள தொட்டியில் பாக்டீரியாக்கள் மறுபடி தின்கின்றன. வரிசை முக்கியம். முதலிலேயே ரசாயனத்தைக் கொட்டினால், பாக்டீரியா மலிவாக முடித்திருக்கும் வேலைக்கே விலை உயர்ந்த சரக்கு தீர்ந்துபோகும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓசோன் நிறத்தைச் சீக்கிரம் வெளுத்துவிடும். மாசு அதே வேகத்தில் குறையாது. கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரைக் காட்டுவது சான்றாகாது. ஆய்வுக்கூடத்தின் எண்தான் சான்று. இரும்பு உப்பு விட்டுச்செல்லும் சேற்றை எங்கே கொட்டுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

2005 இறுதிக்குள் வடிசாலைக் கழிவு ஒரு சொட்டும் ஆற்றில் விழக்கூடாது என்று 2003-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இலக்கு வைத்தது. பல பெரிய ஆலைகள் கழிவை வற்றவைத்து பாய்லரில் எரிக்கின்றன. அதற்கான முதலீடு எல்லோராலும் முடியாது. இதற்கிடையே 2025-ல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தைத் தொட்டது.

முதல் தொட்டி எரிவாயு தருகிறது. கடைசித் தொட்டி தருவது பக்கத்து கிராமத்துக் கிணற்றின் நிம்மதியை மட்டும்தான். அதன் செலவையும் எத்தனாலின் விலையில் சேர்க்காதவரை, அந்தத் தொகையைக் கட்டப்போவது கிணற்றுக்காரர்தான்.