அடுத்த தெரு ரொம்ப தூரம்!

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த ராத்திரி. செஞ்சியில எங்க தெருவுல முதல்ல கரன்ட் போச்சு, அப்புறம் சிக்னலும் போச்சு. 'உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சாடா?'னு அடுத்த தெரு நண்பனுக்கு ஒரு மெசேஜ் தட்டினேன். அந்தக் கடிகாரச் சின்னம் விடியுற வரைக்கும் மாறவே இல்லை.

இடைவெளி முந்நூறு மீட்டர்தான் பாஸ்! ரெண்டு பேர் கையிலும் செல்போன், அதாவது ரேடியோ. ஆனா, என் மெசேஜ் டவருக்குப் போய், கேபிள் வழியா எங்கேயோ இருக்கிற சர்வரைத் தொட்டுட்டு, திரும்ப இதே டவருக்கு வந்துதான் அடுத்த தெருவுக்குப் போகணும். நடுவுல ஒண்ணு படுத்தா, மொத்தமும் படுத்துடும்.

சர்வரே இல்லாம பக்கத்துப் பக்கத்துக் கருவிகளே கைமாத்திக்கிற நெட்வொர்க்தான் பியர்-டு-பியர். உதாரணத்துக்கு, மெஷ்டாஸ்டிக். உள்ளங்கை சைஸ் பெட்டி, உள்ளே லோரா ரேடியோ. நம்ம நாட்டுல 865-867 மெகாஹெர்ட்ஸ்ல இதுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஒரு பெட்டி பேசினா, கேட்ட பெட்டி திருப்பிச் சொல்லும். கல்யாண வீட்டு வதந்தி மாதிரி! ஆனா, வதந்திக்கு இல்லாத ஒழுக்கம் இதுக்கு உண்டு. ஏற்கெனவே கேட்ட செய்தின்னா வாயை மூடிக்கும். எத்தனை கை மாறலாம்னும் கணக்கு இருக்கு... வழக்கமா 3, அதிகபட்சம் 7.

செய்தி எங்கே தங்கும்? அவங்கவங்க கருவியிலேயே! பிரையர்னு ஒரு ஆப் புளூடூத், வைஃபை மூலமாவே இதைச் செய்யுது. ரெண்டு போன் சந்திச்சா, 'உன்கிட்ட எது இருக்கு, என்கிட்ட எது இல்லை'னு பார்த்து, விட்டதை மட்டும் வாங்கிக்கும். ரெக்கார்டு நோட்டு காப்பியடிக்கிற நமக்கு இதைப் புதுசா விளக்கணுமா என்ன?

சிக்கலும் இருக்கு. லோராவுல ஒரு செய்திக்குச் சுமார் 200 பைட்தான். ஆங்கிலத்துல 'செஞ்சி'ன்னு அடிச்சா 5 பைட். தமிழ்ல 18! ஒவ்வொரு எழுத்துக்கும், கொம்புக்கும், புள்ளிக்கும் தனித்தனியா மூணு பைட். வெள்ள நேரத்துல தமிழ்ல விவரமா எழுத முடியாதுங்கிறது எனக்கு நிஜமாவே கடுப்பு.

அடுத்தது, மலை. லோராவுக்கு நேர்ப்பார்வை கிடைச்சா பல கிலோமீட்டர் போகும், பாறையைத் துளைக்காது. சுமார் 800 அடி உயர ராஜகிரி உச்சியில ஒரு பெட்டி வெச்சா ஊரே கேட்கும்தான். ஆனா, அது தொல்லியல் துறை இடம், 2025 ஜூலையில இருந்து யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் வேற. கம்பம் நட்டா, முதல்ல நம்மைத்தான் பிடுங்குவாங்க!

இதெல்லாம் பொழுதுபோக்குன்னு நினைக்கிறவங்க புதுச்சேரி நல்லவாடு கிராமத்துக் கதையைக் கேட்கணும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல வில்லியனூரை மையமா வெச்சு, கிராமங்களை ரேடியோவால இணைச்சு, தகவல் மையங்களைத் தொடங்குச்சு. நல்லவாடு மையத்துல ஒரு ஒலிபெருக்கியும் இருந்துச்சு. 2004 டிசம்பர் 26 காலையில சிங்கப்பூர்ல வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருத்தர், டி.வி-யில சுனாமியைப் பார்த்துட்டு வீட்டுக்கு போன் பண்ணினார். ஊர்க்காரங்க மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில அறிவிச்சாங்க. வீடுகளும் படகுகளும் போச்சு. ஓர் உயிர்கூடப் போகலை. சிங்கப்பூர்ல இருந்து வந்த போன் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் வந்துச்சு. அங்கேருந்து மத்த வீடுகளுக்குச் சேதியைக் கொண்டுபோனது ஊருக்குள்ளேயே இருந்த அந்த ஒலிபெருக்கி.

நானும் நண்பனும் காசு போட்டு ரெண்டு பெட்டி வாங்கிட்டோம். மொட்டைமாடி டு மொட்டைமாடி பக்காவா பேசுது. மூணாவதை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடியில வைக்க, வீட்டுக்கார அண்ணன்கிட்ட போய் அரை மணி நேரம் விளக்கினோம். பொறுமையா கேட்டுட்டு, ''எல்லாம் சரி தம்பி, புயல்ல கரன்ட் போனா இதை யார் சார்ஜ் பண்ணுவா?''ன்னார்.

இப்போ சோலார் பேனல் விலை விசாரிச்சுட்டு இருக்கோம்.