கொல்லிமலை போதுமா?

வள்ளுவப் பெருந்தகை வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். போருக்குப் புறப்படும் அரசனுக்கு அவர் சொன்ன அறிவுரை, மலையில் ஓடப் புறப்படும் மாணவனுக்கும் பொருந்தும் என்பது என் கருத்து. நம்மில் பலர் வலியை மட்டும் அறிந்துகொண்டு, காலத்தையும் இடத்தையும் மறந்துவிடுகிறோம்.

நம் கல்லூரியில் நெடுந்தூர ஓட்டத்தில் ஆர்வம் வளர்ந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. காரவள்ளி அடிவாரத்தில் விடியற்காலையில் புறப்பட்டு, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஓடியே ஏறிச் சோளக்காடு சேரும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய அடுத்த கனவு லடாக். அங்கே ஆண்டுதோறும் செப்டம்பரில் 72 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடைபெறுகிறது. கர்துங் என்னும் சிற்றூரில் தொடங்கி, 5,300 மீட்டருக்கும் மேல் உயர்ந்த கர்துங் லா கணவாயைக் கடந்து, லே நகரில் அது முடிகிறது. "ஓரி ஆண்ட மலையையே ஓடி ஏறிவிட்டோம், லடாக் என்ன பெரிது?" என்று விடுதியில் பேசிக்கொள்கிறார்கள். அந்தத் துணிவைப் போற்றுகிறேன். அந்தக் கணக்கை மறுக்கிறேன்.

விலங்கியல் மாணவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். மலையானாலும் சமவெளியானாலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு நூற்றுக்கு இருபத்தொன்றுதான். உயரே செல்லச் செல்லக் குறைவது காற்றின் அழுத்தம். அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் குறைகிறது. கொல்லிமலையின் உயரம் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர். அங்கே நாம் இழப்பது எட்டில் ஒரு பங்கு. 3,500 மீட்டர் உயரமுள்ள லே நகரில் மூன்றில் ஒரு பங்கை இழக்கிறோம். கர்துங் லாவிலோ ஏறக்குறையப் பாதி போய்விடுகிறது! நம் மாநிலத்தின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். எனவே இந்தப் பயிற்சியைத் தமிழ்நாட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ள வழியில்லை.

இக்குறைவை ஈடு செய்ய நம் உடல் அறியும். ஆனால் அதற்கு நாள்கள் வேண்டும். முதலில் மூச்சு விரைவாகவும் ஆழமாகவும் நடக்கிறது. அதனால் மாறும் இரத்தத்தின் காரத்தன்மையைச் சிறுநீரகம் சில நாள்களில் சரிசெய்கிறது. சிவப்பணுக்கள் போதிய அளவு பெருகவோ வாரங்கள் ஆகின்றன. இந்த வேலைகளை நம் விருப்பத்துக்கு விரைவுபடுத்த முடியாது. கட்டுடல் கொண்ட இளைஞனுக்கும் இதில் சலுகை இல்லை. சொல்லப்போனால் அவனுக்கே ஆபத்து மிகுதி, ஏனெனில் அவன் கால்கள் நுரையீரலைக் கேட்காமல் விரைந்து ஏறிவிடும். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை என்று தொடங்கும் மலைநோய் முற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், மூளையும் வீங்கும். இவை உயிரையே வாங்கக்கூடியவை.

வரலாறு இதற்குச் சான்று. 1968இல் ஒலிம்பிக் போட்டி நடந்த மெக்சிகோ நகரின் உயரம் நம் உதகையின் உயரமேதான், ஏறத்தாழ 2,240 மீட்டர். அங்கே 10,000 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனையாளரான ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து, எல்லைக்கோட்டைத் தாண்டியதும் நினைவிழந்து வீழ்ந்தார். தங்கம் வென்றவர் கென்யாவின் நஃப்தலி தெமு. மாரத்தானில் வென்றவர் எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே. இருவரும் மேட்டுநிலத்து மைந்தர்கள்.

நம் நாட்டிலேயே இதைவிடத் துயரமான பாடம் உண்டு. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து இமயத்துக்கு விரைந்து அனுப்பப்பட்ட வீரர்கள் பலர் மலைநோய்க்கு ஆளாயினர். அவ்வாறு நோயுற்ற 1,925 வீரர்களைப் பற்றி இந்தர் சிங்கும் பிற இந்திய இராணுவ மருத்துவர்களும் 1969இல் வெளியிட்ட ஆய்வை உலகமே கவனித்தது. இன்று நம் இராணுவம் 2,700 மீட்டருக்கு மேல் செல்லும் வீரனை முதற்கட்டத்தில் ஆறு நாள்கள், 3,600 மீட்டருக்கு மேல் நான்கு நாள்கள், 4,500 மீட்டருக்கு மேல் மேலும் நான்கு நாள்கள் என்று படிப்படியாகப் பழக்குகிறது. நாட்டைக் காக்கும் வீரனுக்கே பதினான்கு நாள்கள் தேவையென்றால், விமானத்தில் போய் இறங்கி மூன்றாம் நாள் ஓட நினைக்கும் நாம் எம்மாத்திரம்?

அப்படியானால் கொல்லிமலைப் பயிற்சி வீணா? இல்லவே இல்லை. லடாக் ஓட்டத்தில் கணவாய் வரை ஏற்றம், பிறகு லே வரை நெடிய இறக்கம். ஏறும் மூச்சையும் இறங்கும் தொடையையும் நம் எழுபது வளைவுகள் நன்றாகவே பழக்கும். கால்களைக் கொல்லிமலை தரும். இரத்தத்தை மாற்றும் வேலையை மட்டும் லேயில் தங்கித்தான் முடிக்க வேண்டும்.

இங்கேதான் நம் உண்மையான இடர்ப்பாடு தொடங்குகிறது. அரசுக் கல்லூரி மாணவனுக்குப் பணமும் குறைவு, விடுப்பும் குறைவு. நன்கொடையாளர்கள் பயணச்சீட்டுக்கும் காலணிக்கும் மனமுவந்து தருவார்கள். "பத்து நாள் சும்மா உட்கார்ந்திருக்கவா செலவு?" என்று அறை வாடகைக்கு மட்டும் தயங்குவார்கள். செலவைச் சுருக்கும்போது முதலில் வெட்டப்படுவது அந்தக் காத்திருப்புத்தான். ஆனால் உயிரைக் காப்பதும் அதுவே!

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவனை இத்தகைய ஓட்டத்துக்கு அனுப்பினால் தங்கிப் பழகும் நாள்களையும் போட்டி நாள்களாகவே கருதி வருகைப் பதிவு வழங்குங்கள். நிதி திரட்டும்போது முதல் செலவாக அதை எழுதுங்கள். நண்பர்களுக்கும் ஒரு சொல். முதலிரு நாள்கள் ஓய்வெடுங்கள். படிப்படியாக ஏறுங்கள். தலை வலித்தால் மேலே போகாதீர்கள், வலி மிகுந்தால் உடனே கீழே இறங்குங்கள். அத்தனை நாள்களுக்கு வழியில்லை என்றால் அந்த ஆண்டு போகாதிருப்பதே அறிவுடைமை. கர்துங் லா அடுத்த ஆண்டும் அங்கேயேதான் இருக்கும். அதுவரை ஓடுவதற்கு நம் கொல்லிமலை இருக்கிறது.