ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்தான்

மருந்தே இல்லாத நோய் வந்து ஒருவர் இறந்தால், விதி என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். மருந்து இருந்தும், அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், பாதியில் நிறுத்தியதால் ஒருவர் இறந்தால் அதை என்னவென்று சொல்வது? காசநோயைப் பற்றித்தான் இன்று இந்தப் பகுதியில் பேச விரும்புகிறோம்.

தோட்டத்துப் பெரியவர்கள் இதன் பெயரைக்கூட உரக்கச் சொல்ல மாட்டார்கள். 'அந்தச் சீக்கு' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். எலும்புருக்கி, சயரோகம் என்று நாம் சொல்வதும், மலாய்க்காரர்கள் 'பத்தோக் கெரிங்' என்று சொல்வதும், மருந்தகச் சீட்டில் 'டி.பி.' என்று எழுதுவதும் ஒன்றுதான். பழைய லயன் வீடுகளோடு இது ஒழிந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். மலேசியாவில் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும், ஆண்டுக்கு 25,000 பேருக்கு மேல் இந்நோய் கண்டது. சபாவுக்கு அடுத்தபடியாக நமது சிலாங்கூரில்தான் அதிகம். ஆகவே கிள்ளான், காப்பார், பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் இருப்பவர்களும், தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோனவர்களும், பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவீடுகளின் மேல்மாடியில் ஓர் அறையில் நாலைந்து பேராகத் தங்கி வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளும் இதைப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக்காட்டவும் வேண்டும்.

மூன்றாம் மாதத்து ஆபத்து

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, உடம்பு இளைப்பது, சிலருக்குச் சளியில் இரத்தம் – இவை கண்டால் தாமதிக்காமல் சளியைப் பரிசோதிக்க வேண்டும். நுரையீரலில் காசநோய் என்று உறுதியானால் சாதாரணமாக ஆறு மாதச் சிகிச்சை. முதல் இரண்டு மாதம் ஐசோநயாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட், எதாம்பியூட்டால் என்று நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் ஐசோநயாசிட், ரிஃபாம்பிசின் இரண்டு மட்டும்.

ஆபத்து எப்போது வருகிறது தெரியுமா? மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் வருகிறது! ஒரு மாதத்தில் காய்ச்சல் நிற்கிறது. இரண்டு மாதத்தில் இருமல் குறைந்து, பசி எடுத்து, முகத்தில் களை வந்துவிடுகிறது. "நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று தோன்றுகிறது. மாத்திரைப் பொட்டலம் சாமிப் படத்துக்குப் பின்னால் போய்விடுகிறது.

தோட்டத்து மக்களுக்கு லாலான் புல்லைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலாக அரிந்துவிட்டால் நிலம் சுத்தமானதுபோல் தெரியும். வேர் மண்ணுக்குள் இருக்கும். ஒரு மழை பெய்தால் போதும், பழையபடி முளைத்துவிடும். காசநோய்க் கிருமியும் அப்படித்தான். வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் சாகின்றன. ஆடாமல் அசையாமல் உறங்கிக் கிடக்கும் கிருமிகளைக் கொல்லத்தான் மீதி மாதங்கள். நடுவில் விட்டால் அவை திரும்ப எழும். மருந்தை விட்டு விட்டுச் சாப்பிட்டாலோ இன்னும் கேடு: மருந்துக்கு மசியாத கிருமி உண்டாகிவிடும். அதற்குப் பிறகு வேறு மருந்து, கடுமையான மருந்து. வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்றினால் அவர்களுக்கும் அதே கதி.

சென்னை காட்டிய வழி

ஒரு காலத்தில் இதற்கு ஊரைவிட்டு, உறவைவிட்டுப் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு – இவைதாம் மருந்து என்றிருந்த காலம் அது. சிறுகதை மன்னர் புதுமைப்பித்தன் இந்நோய்க்கு 1948-இல் பலியானபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டுதான். ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. நம் நாட்டிலும் 1950-களில் செராசில் லேடி டெம்ப்ளர் மருத்துவமனை காசநோயாளிகளுக்காகவே எழுந்தது.

படுக்கைகள் சில ஆயிரம், நோயாளிகளோ லட்சக்கணக்கில். என்ன செய்வது என்று உலகமே திகைத்து நின்ற நேரத்தில், வழி காட்டியது சென்னைப் பட்டணத்து ஏழைத் தமிழர்கள் என்பதை நாம் பெருமையோடு நினைவுகூர வேண்டும். அங்கே 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தில், டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்பவர் தலைமையில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் படுக்கையும் சத்தான உணவும் ஓய்வும் கிடைத்தன. இன்னொரு பிரிவினர் நெருக்கடியான சொந்த வீட்டிலேயே, இருந்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு மாத்திரை சாப்பிட்டார்கள். ஓராண்டு முடிந்து 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை!

இதிலிருந்து தெரிவது என்ன? சத்துணவு நல்லதுதான்; ஆட்டுக்கால் சூப்பும் முட்டையும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவை வாங்க வசதி இல்லையே என்று யாரும் மனம் உடைய வேண்டாம். ஆளைப் பிழைக்க வைப்பது அன்றாடம் தவறாமல் தொண்டைக்குள் இறங்கும் மாத்திரைதான். அந்தச் சென்னை நோயாளிகள் தனியே விடப்படவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. வீடு தேடி ஆள் வந்தார்கள். மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். ஒருவர் பார்த்திருக்க மாத்திரையை விழுங்குவது என்ற இன்றைய முறைக்கு இப்படிப்பட்ட அனுபவங்களே அடிப்படை.

மலேசியாவில் 1961-இல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. ஊசி போடுவதும் அப்போது வந்ததுதான். அந்த ஊசி குழந்தைகளைக் கொடிய வகைக் காசநோயிலிருந்து காக்கும். பெரியவர்களுக்கு ஆயுள் முழுவதும் அரண் ஆகாது. "எனக்குக் கையில தழும்பு இருக்கு, வராது" என்பது தவறான நம்பிக்கை.

மருந்தோடு வாழ்வது

மருந்து சாப்பிடுவது லேசான காரியம் என்று நாம் சொல்ல மாட்டோம். வெறும் வயிற்றில் ஒரு பிடி மாத்திரை, குமட்டல், அசதி. எது சாதாரணம், எது ஆபத்து என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறலாம். "ஐயோ, இரத்தம் போகுதே" என்று அலற வேண்டாம். மூட்டு வலி பைராசினமைட்டால் வரலாம். கை கால் மதமதப்பு ஐசோநயாசிட்டால் வரலாம். அதைத் தடுக்கத்தான் பி6 வைட்டமினும் சேர்த்துத் தருகிறார்கள். இவற்றை மருந்தகத்தில் சொன்னால் வழி செய்வார்கள்.

ஆனால் கண்ணின் வெள்ளை மஞ்சளானாலும், வாந்தி நிற்காமல் போனாலும், பார்வை மங்கினாலும், சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாமல் போனாலும், உடம்பெல்லாம் தடிப்பு எழுந்தாலும் அடுத்த தவணைக்குக் காத்திராமல் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும். எந்த மருந்தை நிறுத்துவது, எதை மாற்றுவது என்பதை அவர் தீர்மானிப்பார். நாமாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வீட்டில் உட்காருவது கூடவே கூடாது. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ரிஃபாம்பிசின் அதன் பலனைக் குறைத்துவிடும்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, சம்சு. இந்த மருந்துகள் ஈரலுக்குப் பாரம். அதன்மேல் சம்சுவையும் ஊற்றினால் ஈரல் எப்படித் தாங்கும்? ஆறு மாதமாவது அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். சிகரெட்டும் அப்படியே. இரண்டு, இனிப்பு நீர். 2019-இல் அரசாங்கம் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியர்களில் வயது வந்தோரில் 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நீரிழிவு உள்ளவர்களைக் காசநோய் எளிதில் பிடிக்கும், குணமாவதும் கடினமாகும். இரண்டும் உள்ளவர்கள் இரண்டையும் சேர்த்தே கட்டுப்படுத்த வேண்டும்.

தனிக் குவளை எதற்கு?

நோயைவிடக் கொடியது நம்மவர்கள் காட்டும் விலகல். ஒருவருக்கு டி.பி. என்று தெரிந்ததும் தனித்தட்டு, தனிக் குவளை, கோழிக்கொட்டாய் ஓரத்தில் தனிப்பாய்! பெண் கேட்டு வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள். மருமகளாக இருந்தால் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இந்நோய் தட்டிலும் குவளையிலும் பரவுவதில்லை. இருமும்போது காற்றில் கலந்து, அடைத்த அறையில் மணிக்கணக்கில் தங்கி, மூச்சுவழி பரவுகிறது. ஆகவே குவளையைப் பிரிப்பதைவிடச் சன்னலைத் திறப்பது மேல். வாயை மூடி இருமப் பழக்குவது மேல். வீட்டில் உள்ள எல்லாரையும், குறிப்பாகக் குழந்தைகளை, பரிசோதனைக்கு அழைத்துப் போவது எல்லாவற்றிலும் மேல். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பெரும்பாலோரிடம் தொற்றும் தன்மை மளமளவென்று குறைந்துவிடும். மருந்து சாப்பிடும் நோயாளியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மறைத்து வைத்துக்கொண்டு இருமுகிறவரால்தான் ஆபத்து. அப்படி மறைக்க வைப்பது யார்? நமது ஏளனம்தான்.

"கூலி போகுமே!"

இனி, நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. மருந்தை நிறுத்தியவர்களைப் 'பொறுப்பில்லாதவன்' என்று திட்டுவது சுலபம். மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்க மருந்தகத்தில் காசநோய் மாத்திரைக்குக் காசு இல்லை என்பது மெய். ஆனால் உட்தோட்டத்திலிருந்து மருந்தகத்துக்குப் போய்வரும் நாளில் கூலி இல்லையென்றால், மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய்க்காசு கையில் இல்லையென்றால், இலவச மாத்திரையும் விலை உயர்ந்த மாத்திரைதான். பால்வெட்டுக்கும் குலை வெட்டுக்கும் போனால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் உள்ளவர் மாத்திரையா, கூலியா என்று எண்ணிப் பார்க்கத்தான் செய்வார்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், மருத்துவர் சான்றிதழோடு எடுக்கும் விடுப்புக்குச் சம்பளம் தரச் சொல்கிறது: இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் 18 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் 22 நாள். மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் இது முன்சொன்ன விடுப்பு போகத் தனி. நோயால் உழைக்கும் திறனை நிரந்தரமாக இழந்த சந்தாதாரருக்குச் சொக்சோவில், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இயலாமை ஓய்வூதியமும் உண்டு. இவை பிச்சை அல்ல, உரிமை. கேட்டு வாங்குங்கள், கேட்கத் தெரியாதவருக்குச் சங்கத் தலைவர்கள் கேட்டு வாங்கித் தர வேண்டும்.

நிர்வாகங்களை நாம் கேட்பது மூன்றே. காசநோய் என்று தெரிந்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தாதீர்கள். மருந்தகத்துக்குப் போகும் நாளுக்கு வண்டியும் கூலியும் கொடுங்கள். தினமும் மாத்திரை விழுங்குவதைப் பார்க்கத் தோட்டத்திலேயே ஒரு நம்பிக்கையான ஆளை, மருந்தகத்தின் சம்மதத்தோடு, அமர்த்துங்கள். அது தண்டலாக இருக்கலாம், ஆசிரியையாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாகவும் இருக்கலாம். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம்மோடு உழைப்பவர்களையும் இதில் விட்டுவிடக்கூடாது. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சி ஒருவர் இருமலை மறைத்தால், அதே விடுதியில் உள்ள அத்தனை பேருக்கும் அது ஆபத்து. கிருமி கடப்பிதழ் கேட்பதில்லை.

இதே கிள்ளானில் 1901-இல் மலேரியா சனங்களை வாரிக்கொண்டு போனது. டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியவைத்து அதை அடக்கினார். அது வாய்க்கால் வெட்டி வென்ற நோய். காசநோயை வெல்ல வெட்ட வேண்டிய வாய்க்கால் வீட்டுக்கும் மருந்தகத்துக்கும் நடுவே இருக்கிறது.

மாத்திரை முடிந்த பிறகும் சிலருக்கு நுரையீரலில் தழும்பு நிற்கும். மேடேறினால் மூச்சு வாங்கும். அதற்காக மனம் தளர வேண்டாம். வேலையைச் சற்றுக் குறைத்து, தவணை தவறாமல் காட்டிக்கொண்டால் நெடுநாள் வாழலாம். மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, காலண்டரில் ஆறு மாதத்தை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு கோடு அடியுங்கள். உடம்பு தேறிவிட்டது என்று உங்கள் மனம் சொல்லலாம். போதும் என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். அதுவரை ஒரு நாளும் தவற விடாதீர்கள்; உங்களுக்காக மட்டுமல்ல, பக்கத்தில் படுத்துறங்கும் பிள்ளைக்காகவும்.