உள்ளாட்சியில் மாற்றுத்திறனாளிகள்: இருக்கை சரி, குரல் கிடைக்குமா?

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை இரண்டு சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. ஒன்று நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு, இன்னொன்று ஊராட்சிகளுக்கு. இதன்படி மாற்றுத்திறனாளிகள் தேர்தலில் நிற்காமலேயே நியமன உறுப்பினர்களாக மன்றத்துக்குள் வரலாம். வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால், உள்ளே போனவர் சொல்வதை யாராவது கேட்பார்களா என்பதுதான் அடுத்த கேள்வி.

எதற்கு இந்தச் சட்டம்?

நகர்ப்புற உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் வெறும் 35 பேர்தான் என்று மசோதாவை அறிமுகம் செய்தபோது முதல்வர் மு.க.ஸ்டாலினே சொன்னார். இனி நகர்ப்புறத்தில் 650 பேரும், கிராம ஊராட்சிகளில் 12,913 பேரும் நியமிக்கப்படுவார்கள் என்றார். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். 2016-ஆம் ஆண்டு சட்டம் குறைபாடுகளின் வகையை 21 ஆக உயர்த்தியதால், உண்மையான எண்ணிக்கை இதைவிட அதிகமாகவே இருக்கும்.

கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும்?

சென்னை பஸ்களையே எடுத்துக்கொள்ளுங்கள். படி உயரமான பஸ்களில் சக்கர நாற்காலியோடு ஏறவே முடியாது. அப்படிப்பட்ட பஸ்களை வாங்கும் முடிவை எதிர்த்து மாற்றுத்திறனாளி உரிமை ஆர்வலர்கள் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்டில்தான் தாழ்தளப் பஸ்கள் மறுபடியும் சென்னை சாலைக்கு வந்தன. டெண்டர் போடுவதற்கு முன்பே பயணிகளைக் கேட்டிருந்தால் இத்தனை வருஷ அலைச்சல் எதற்கு?

தாழ்தளப் பஸ் வந்தால் கர்ப்பிணிகளும், முழங்கால் வலிக்கிற தாத்தா பாட்டிகளும்கூட சிரமமில்லாமல் ஏறுவார்கள். ஆக, இது ஒரு பிரிவினருக்கு மட்டும் காட்டும் சலுகை இல்லை.

சட்டம் ஏற்கெனவே சொல்கிறதே?

சொல்கிறது. இந்தியா 2007-இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 4(3) பிரிவு, மாற்றுத்திறனாளிகளைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களின் அமைப்புகளோடு நெருக்கமாகக் கலந்தாலோசிக்கச் சொல்கிறது. 2016 சட்டப்படி மாநில அளவில் ஆலோசனை வாரியமும் உண்டு. ஆனால், வார்டு நடைபாதையும் கழிப்பறையும் முடிவாவது தலைமைச் செயலகத்தில் இல்லை, உள்ளாட்சி மன்றத்தில். அதனால்தான் இந்தத் திருத்தம் முக்கியமாகிறது.

அப்படியென்றால் என்ன குறை?

முதல் குறை, ஓட்டு. நிர்வாக அனுபவத்துக்காக நகர மன்றங்களில் நியமிக்கப்படுபவர்களுக்கே வாக்குரிமை கிடையாது என்கிறது அரசியலமைப்பின் 243ஆர் பிரிவு. நியமன உறுப்பினரின் பலம் பேச்சில்தான் இருக்கிறது. அந்தப் பேச்சைப் பதிவு செய்யாமல் தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டால் ஒன்றும் மிஞ்சாது.

இரண்டாவது, யார் தேர்ந்தெடுப்பது? அரசு நியமிக்கும்போது ஆளும் கட்சிக்கு வேண்டியவர்களுக்கே பதவி போய்விடும் ஆபத்து எப்போதும் உண்டு. உகாண்டாவில் நாடாளுமன்றத்திலேயே மாற்றுத்திறனாளிகளுக்கு 5 இடங்கள் உண்டு. அவர்களின் பிரதிநிதிகளே ஓட்டுப் போட்டு அந்த 5 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கும் குறைகள் இருக்கலாம், ஆனால் அந்த உறுப்பினர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது தெளிவு.

மூன்றாவது, கூட்டம் நடக்கும் இடம். மாடியில் மன்றம், லிஃப்ட் இல்லை என்றால் சக்கர நாற்காலியில் வருபவர் எப்படிப் போவார்? காது கேளாத உறுப்பினருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பார்வையற்றவருக்கு, திரைவாசிப்பு மென்பொருளில் படிக்கும்படி கூட்டப்பொருள் முன்கூட்டியே வர வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் அனுப்பினால் அவருக்கு அது வெறும் படம்தான்.

என்ன செய்ய வேண்டும்?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. நியமனத்துக்கு முன் மாற்றுத்திறனாளி அமைப்புகளின் பரிந்துரையைக் கேட்டு, தேர்வுக்கான காரணத்தை வெளியிட வேண்டும். சாலை, கட்டடம், பஸ் நிறுத்தம் தொடர்பான டெண்டர் எதுவும் அந்த உறுப்பினரின் எழுத்துபூர்வக் கருத்து இல்லாமல் மன்றத்துக்கு வரக் கூடாது. அவர் சொன்னதை ஏற்காவிட்டால், ஏன் என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

உங்கள் வார்டு இருக்கும் மன்றத்தின் நியமன உறுப்பினர் யார், கூட்டத்தில் அவர் என்ன பேசினார் என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் ஆர்டிஐ மனு போடலாம், கட்டணம் 10 ரூபாய்தான்.