கம்ப்யூட்டர் அளக்கட்டும், குழந்தையையும் கவனியுங்கள்!

புதுக் கம்ப்யூட்டரை முதன்முறை ஆன் செய்ததும் திரையின் அளவு, ஸ்பீக்கர் சத்தம் எல்லாவற்றையும் அதுவே அமைத்துக் கொள்கிறது. இவை டிபால்ட் செட்டிங்ஸ். வேலையைத் தொடங்க இவை போதும். ஆனால் எழுத்து சிறிதாக இருக்கிறது, சத்தம் அதிகம் என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அப்படிச் சொல்லத் தெரியாத ஒன்றரை வயதுக் குழந்தையின் காதில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் என்ன செய்வது?

காக்ளியர் இம்ப்ளான்ட் அப்படிப்பட்ட கருவிதான். காதுக்குப் பின்னால் மாட்டும் பிராசசர், ஒலியை டிஜிட்டல் சிக்னலாக மாற்றுகிறது. தோலுக்கு அடியில் பொருத்தப்பட்ட பகுதி, அதை மின் துடிப்புகளாக்கிக் கேட்கும் நரம்புக்கு அனுப்புகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷன் செய்யப்படுவதால், எங்கள் திருவண்ணாமலை போன்ற ஊர்களிலும் இக்கருவி பலருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆபரேஷன் முடிந்ததும் காது கேட்டுவிடாது. சுமார் மூன்று, நான்கு வாரம் கழித்து ஆடியாலஜிஸ்ட் பிராசசரை லேப்டாப்புடன் இணைத்து புரோகிராம் செய்வார். இதற்கு மேப்பிங் என்று பெயர். ஒவ்வொரு எலெக்ட்ரோடுக்கும் இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று, ஒலி கேட்கத் தொடங்கும் மின்னளவு. மற்றொன்று, தொந்தரவு இல்லாமல் கேட்கக்கூடிய அதிகபட்ச அளவு. 22 எலெக்ட்ரோடு உள்ள கருவி என்றால் 44 எண்கள். அளவு குறைந்தால் பேச்சு சரியாகக் கேட்காது. மொழி கற்கும் வயது வீணாகும். கூடினால் குழந்தை அழுது, கருவியைப் பிடுங்கி எறியும்.

இங்கேதான் கம்ப்யூட்டர் உதவுகிறது. 1990களின் பிற்பகுதியில் பரவத் தொடங்கிய ஒரு முறையில், உள்ளிருக்கும் எலெக்ட்ரோடு ஒரு துடிப்பை அனுப்பும். நரம்பு தரும் பதிலைப் பக்கத்து எலெக்ட்ரோடு பதிவு செய்து வெளியே அனுப்பும். லேப்டாப் திரையில் அது அலையாகத் தெரியும். குழந்தை தூங்கினாலும் அளக்கலாம். இதை நிறுவனங்கள் என்.ஆர்.டி., ஏ.ஆர்.டி. என்று வெவ்வேறு பெயர்களில் தருகின்றன. இன்னொரு முறையில், பலத்த ஒலிக்கு நடுக்காதில் உள்ள சிறு தசை தானாகச் சுருங்குவதை அளக்கிறார்கள். அதிகபட்ச அளவை மதிப்பிட இது நன்றாக உதவும். ஆனால் குழந்தை அசையாமல் இருக்க வேண்டும், நடுக்காதில் நீர் கோத்திருக்கவும் கூடாது.

"கம்ப்யூட்டரே எல்லாம் அளந்து விடுகிறதே சார், இனி அடிக்கடி போக வேண்டாம் அல்லவா?" என்று என் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்த ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்விதான். சென்னை ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஒருமுறை போய்வந்தால் ஒரு நாள் கூலி போகும். ஆனாலும் போகத்தான் வேண்டும் என்பதே என் கருத்து.

காரணம் எளிது. நரம்பு பதில் தந்தது என்பதைத்தான் கருவி சொல்லும். குழந்தைக்கு அது எவ்வளவு சத்தமாகக் கேட்டது என்பதைச் சொல்லாது. நரம்பு பதில் தரத் தொடங்கும் அளவு, பெரும்பாலும் அந்த இரண்டு அளவுகளுக்கும் இடையில் எங்கோ இருக்கும். எங்கே என்பது ஆளுக்கு ஆள் மாறும். பதிலே பதிவாகாத சிலருக்கும் ஒலி கேட்பதுண்டு. ஆகவே எந்த எலெக்ட்ரோடுக்கு அதிகம், எதற்குக் குறைவு என்ற வடிவத்தைக் கம்ப்யூட்டரிடம் வாங்கிக்கொண்டு, மொத்த அளவைக் குழந்தையின் முகத்தைப் பார்த்து ஏற்றி இறக்குவதே சரி. முதல் மாதங்களில் அளவுகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

பெற்றோருக்கு மூன்று யோசனைகள். ஒரு நோட்டுப் போடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, மாடவீதி மேளத்துக்குக் கண் சிமிட்டுகிறதா, தீபத் திருவிழா வெடிக்குக் கருவியைக் கழற்றுகிறதா என்று தேதியுடன் எழுதுங்கள். ஆடியாலஜிஸ்ட்டுக்கு அதுவும் ஓர் அளவீடுதான். இரண்டாவதாக, ஒவ்வொரு முறையும் மேப்பின் பிரிண்ட் அவுட் கேட்டு வாங்குங்கள். பைல்களுக்கு பேக்கப் எடுப்பது போலத்தான் இதுவும். மூன்றாவதாக, "இந்த எண்கள் அளந்தவையா, கவனித்து மாற்றியவையா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். இணையம் வழியே மேப்பிங் செய்ய 2017ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. ஒரு நிறுவனத்தின் கருவிக்கு அனுமதி தந்தது. அதுவும், ஆறு மாதம் கருவியைப் பயன்படுத்திப் பழகியவர்களுக்குத்தான். தொலைவில் நிபுணர், குழந்தையின் அருகில் பயிற்சி பெற்ற ஆடியாலஜிஸ்ட் என்ற ஏற்பாடு ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் வேண்டும். லட்சக்கணக்கில் செலவழித்துக் காதுக்குள் கருவியை வைத்த பிறகு, பஸ் கட்டணம் இல்லாததால் அதன் செட்டிங்ஸ் பாதியில் நிற்கலாமா?